இழுத்துப் பார்க்கட்டும்

சிங்கப்பூர் மார்சிலிங் அடுக்குமாடிகளில் வீட்டிலிருந்தே தொழில் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பித்தளை விளக்கு துலக்கித் தருபவர், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர், சோபா சுத்தம் செய்பவர், பழைய மரச்சாமானுக்கு மெருகு போடுபவர் என்று கைவேலை தெரிந்தவர்கள் நம் வட்டாரத்தில் நிறைய. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இப்படிச் சிறுதொழில் செய்ய இடம் உண்டு. ஆனால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டக்கூடாது, விளம்பரத்தாள் ஒட்டக்கூடாது, அந்த வீட்டில் குடியிருக்காதவரை வேலைக்கு வைக்கக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. ஆகவே உங்கள் கடைக்கு முகப்பு என்று ஒன்று இருந்தால் அது இணையப் பக்கம்தான்.

தேக்காவில் புடவை வாங்கும் அம்மாமார் துணியைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து, பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். இணையத்தில் வாங்குபவருக்கு அந்த வாசல் கிடையாது. வேலைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு கோட்டை விரலால் இழுத்துப் பார்க்கச் செய்யும் ஸ்லைடர் அந்த வாசலில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. எந்த ஸ்லைடர் டிசைனை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பிடியின் வடிவத்தையும் கோட்டின் நிறத்தையும் காட்டித்தான் கேட்கிறார்கள். வாங்குபவர் தன் கையாலேயே சோதித்துப் பார்க்க அந்த டிசைன் இடம் கொடுக்கிறதா என்று நான் கேட்பேன். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

1. உங்கள் பொருளுக்கு ஸ்லைடர் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

பொருள் இருந்த இடத்திலேயே இருந்து, அதன் மேற்பரப்பு மட்டும் மாறியிருந்தால் பொருந்தும். கறுத்துப்போன குத்துவிளக்கு, கறை படிந்த சோபா, மங்கிய மரக்கதவு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறைச் சுவர், கிழிந்த பழைய குடும்பப் படத்தைச் சீர்செய்து தருவது எல்லாம் இந்த வகை. கேக்கும் பூமாலையும் அப்படி இல்லை. மாவின் படத்தின் மேல் கேக்கின் படத்தை வைத்து இழுத்தால் ஒன்றும் விளங்காது. அவற்றுக்கு இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தாலே போதும்.

ரவிக்கை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெறும் துணியை உருவப் பொம்மையில் மாட்டி ஒரு படம், ஆரி வேலை முடிந்து தைத்தபின் அதே பொம்மையில் மாட்டி இன்னொரு படம் என்று எடுத்தால், தோள் ஒரு விரல் அகலமாவது நகர்ந்திருக்கும். கோட்டை இழுக்கும்போது துணி துள்ளும். பார்ப்பவர் கண் ஊசி வேலையை விட்டுவிட்டு அந்தத் துள்ளலைப் பிடித்துக்கொள்ளும். துணி ஆரிச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும்போதே, ஊசி போடுவதற்கு முன் ஒன்றும் முடித்தபின் ஒன்றும் எடுத்தால் இரண்டும் அச்சாகப் பொருந்தும்.

2. கோட்டை நகர்த்துவது வாங்குபவரின் கையாக இருக்கட்டும்.

இந்த உத்தி கணினிக்கு வெகு முந்தியது. இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் என்று ஒரு தோட்ட வடிவமைப்பாளர் இருந்தார். 1788இல் அந்தத் தொழிலில் இறங்கினார். நிலச்சொந்தக்காரரின் இடத்தை நீர்வண்ணத்தில் வரைவார். அதில் ஒரு பகுதியை மட்டும் தனித் தாளில் வரைந்து, மேலே மடிப்பாக ஒட்டிவிடுவார். மடிப்பு மூடியிருந்தால் இன்றைய நிலம் தெரியும். தூக்கினால் அவர் அமைக்கப்போகும் ஏரியும் மரக்கூட்டமும் தெரியும். சிவப்புத் தோல் அட்டை போட்ட அந்தப் புத்தகங்களைச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுவார். அவர் தம் வீட்டில் உட்கார்ந்து, தம் விரலால், வேண்டிய தடவை தூக்கிப் பார்க்கலாம். விற்கிறவர் பக்கத்தில் நின்று பேசவேண்டிய தேவையே இல்லை. ஸ்லைடரின் பலமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகையால் தானாகவே இடதும் வலதுமாக ஆடிக்கொண்டிருக்கும் டிசைன்களை வாங்காதீர்கள். பார்ப்பவர் ஒரு கறையைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கும் நேரத்தில் கோடு அதைத் தாண்டிப் போய்விடும். பக்கம் திறந்ததும் ஒரு தடவை மட்டும் கோடு சற்றே அசைந்து, இழுக்கலாம் என்று காட்டிவிட்டு நின்றால் நல்லது. மவுஸ் மேலே வந்ததும் நகரும் வகை கணினியில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் பார்க்கிறவர்கள். அங்கே மவுஸ் ஏது?

3. டிசைனுக்குச் செலவழிக்கும் நேரத்தைவிட அதிக நேரத்தைப் படத்துக்குக் கொடுங்கள்.

ஃபிலிம் காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு படக்கடையில் பழகிய கண் என்னுடையது. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்காலி இல்லாமல் எடுக்காதீர்கள். முக்காலியின் மூன்று கால்களும் தரையில் படும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். விளக்கின் அடிப்பாகம் நிற்கும் இடத்திலும் அப்படியே. முன்படம் எடுத்துவிட்டு விளக்கைத் துலக்கக் கொண்டுபோய்த் திரும்ப வைக்கும்போது, அதன் ஐந்து முகங்களும் முன்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தனவோ அந்தப் பக்கமே பார்க்க வேண்டும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள்.

வெளிச்சம் விஷயத்தில் நம் ஊர் நமக்குச் செய்திருக்கும் உபகாரம் பெரிது. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணிவாக்கில் உதித்து மாலை ஏழு மணிவாக்கில் மறைகிறது. இன்று காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் முன்படம் எடுத்தால், வேலை முடிந்து அடுத்த நாள் பத்து மணிக்கு எடுக்கும்போது ஏறக்குறைய அதே வெளிச்சம் கிடைக்கும். பிற்பகலில் இடிமழைக்கு மேகம் கூடினால் கணக்கு கெட்டுவிடும். அதனால் இரண்டையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் பித்தளை ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் தெரியும்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. கைப்பேசி கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும். கறுத்த விளக்கைக் காட்டினால் இருட்டாக இருக்கிறதே என்று படத்தை வெளுப்பாக்கும். பளபளக்கும் விளக்கைக் காட்டினால் கண் கூசுகிறதே என்று மங்கலாக்கும். உங்கள் கை நோகத் துலக்கியதன் பாதிப் பலனைக் கேமராவே தின்றுவிடும். திரையில் விளக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பூட்டும் அளவு முன்படத்துக்கும் பின்படத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் அளவு குறிக்கும் வசதியுள்ள கேமரா ஆப் இருந்தால் இன்னும் நல்லது. பின்னணியில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலும் அட்டையின் சாம்பல் ஒரே மாதிரி இருந்தால் வெளிச்சம் மாறவில்லை என்று உங்களுக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும்.

துலக்கிய பித்தளை கண்ணாடி மாதிரி. உங்கள் சட்டை, ஜன்னல் கம்பி, எதிர் பிளாக் எல்லாம் அதில் தெரியும். ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். நீங்களும் வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முன்படத்துக்கும் அதே துணி, அதே சட்டை.

பழகிப் பார்க்க ஆசையா? பழைய உட்லண்ட்ஸ் டவுன் கார்டன் சீரமைக்கப்பட்டு 2018இல் மார்சிலிங் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. குளக்கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, காலையில் ஒரு படமும் மாலையில் ஒரு படமும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். நீங்கள் நின்ற இடம் எத்தனை விரல்கடை நகர்ந்திருக்கிறது என்பதைக் கரையோர மரங்களே காட்டிக்கொடுக்கும்.

4. கோடு நெட்டாக நிற்கட்டும்.

குத்துவிளக்கு உயரமானது, இடமும் வலமும் ஒத்திருப்பது. நெட்டுக்கோடு நடுவில் நின்றால் ஒரே விளக்கின் பாதி கறுப்பாகவும் பாதி பொன்னாகவும் தெரியும். இதைவிட வலுவான சாட்சி வேறு இல்லை. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று வையுங்கள்.

கிடைக்கோட்டை மேலும் கீழுமாக இழுக்கும் டிசைன் கைப்பேசியில் சண்டை போடும். பக்கத்தை நகர்த்த விரலை வைத்தால் கோடு நகரும், கோட்டை நகர்த்தப் போனால் பக்கம் ஓடும். நெட்டுக்கோட்டுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. பொருளின் படங்களை விரலால் தள்ளிப் பார்க்கும் வரிசைக்குள் ஸ்லைடரை வைத்தால், இழுக்கும்போது அடுத்த படம் வந்துவிடும். ஆகவே அந்த வரிசைக்கு வெளியே, அதன் கீழே தனியாக வையுங்கள். மேல்கீழாகத் தடவினால் பக்கமும் இடவலமாகத் தடவினால் கோடும் நகரும்படி அமைத்திருக்கிறதா என்று வாங்குமுன் உங்கள் கைப்பேசியிலேயே பார்த்துவிடுங்கள்.

5. பிடி, அத்தைமாரின் விரலுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

பித்தளை விளக்கு வைத்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் வயதானவர்கள். விரல் நடுங்கும், கண் மங்கலாக இருக்கும். மயிரிழைக் கோடும் கடுகளவு பிடியும் கொண்ட டிசைன் விளம்பரத்தில் நாகரிகமாகத் தெரிந்தாலும் அவர்களை விரட்டிவிடும். இணையத்துக்குப் பொதுத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு இதில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் இருக்க வேண்டும். இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல், வெறுமனே தொட்டும் செய்ய முடிய வேண்டும். ஆப்பிள் தன் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்வது 44. நீங்கள் 44ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். படத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் கோடு அங்கே தாவி வரும் டிசைனைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகையின் அம்புக்குறிகளாலும் கோடு நகர வேண்டும்.

பிடி வெள்ளையாக மட்டும் இருந்தால் பளபளப்பான பாதியில் மறைந்துபோகும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிக் கரும் விளிம்பு இருந்தால் இரண்டு பாதியிலும் தெரியும். உள்ளே இடம் வலம் காட்டும் இரண்டு அம்புகள் போதும், வேறு அலங்காரம் வேண்டாம்.

6. பெயர்ச்சீட்டில் செய்த வேலையைச் சொல்லுங்கள்.

‘துலக்கும் முன்’, ‘துலக்கிய பின்’ என்று போட்டால் என்ன வேலை நடந்தது என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். வாங்குபவர் எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் எழுதுங்கள். சீன, மலாய் அண்டை வீட்டாரும் சோபாவைச் சுத்தம் செய்யத் தருவார்கள். சீட்டு அந்தந்தப் படத்தோடு ஒட்டியிருந்து, படம் மூடும்போது தானும் மறைய வேண்டும்.

7. ‘பின்’ என்பது எப்போது எடுத்தது என்று எழுதிவையுங்கள்.

இதை யாரும் கேட்பதில்லை, நீங்களாகவே சொல்லுங்கள். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் கறுப்பை எடுத்துவிடும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது மறுபடி மங்கத் தொடங்கும். துலக்கிய அன்றைக்கு எடுத்த படத்தை மட்டும் காட்டினால், மூன்று வாரம் கழித்து வாங்கியவர் தன் விளக்கைப் பார்த்து ஏமாந்ததாக நினைப்பார். ஸ்லைடரில் இரண்டு படங்களுக்குத்தான் இடம். ஒரு மாதம் கழித்து, அதே டேப் அடையாளத்தில் அதே விளக்கை வைத்து மூன்றாவது படம் எடுத்து, ஸ்லைடரின் கீழே சாதாரணப் படமாகப் போடுங்கள். சோபாக்காரர்களுக்கும் இது பொருந்தும். துணி ஈரமாக இருக்கும்போது எடுத்த படத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தபின் எடுங்கள்.

8. போகாத கறையையும் காட்டுங்கள்.

முலாம் பூசிய விளக்கில் முலாம் தேய்ந்த இடம் எவ்வளவு துலக்கினாலும் பொன்னாகாது. சோபாவில் மஞ்சள் கறை முழுக்கப் போவதும் அரிது. அப்படி ஒரு வேலையைத் தேர்ந்து, அதையும் ஸ்லைடரில் போட்டு, இந்த இடம் இவ்வளவுதான் வரும் என்று கீழே எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். போகாததைக் காட்டிய கடையில், போனதாகக் காட்டியதை வாங்குபவர் நம்புவார்.

படக்கடைக் காலத்தில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்வோம். கல்யாணப் பெண்ணின் முகத்தில் அன்றைக்கு வந்த பருவை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. விற்கும் வேலையின் படத்தில் அதே பென்சில் பொய்யாகிவிடுகிறது. பின்படத்தின் மஞ்சளைக் கூட்டுவதும் முன்படத்தை இருட்டாக்குவதும் ஒரே பொய்தான். சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் 2004 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ளது. பொய்யான உரிமைகோரலும் வாங்குபவரை ஏமாற்றும் செயலும் அதன்படி நியாயமற்ற வர்த்தகம். வாங்கியவர் 30,000 வெள்ளி வரை கோரி வழக்குப் போடலாம். கடை வீட்டில் நடக்கிறது, சிறியது என்பதால் விலக்குக் கிடையாது.

பிறர் செய்த வேலையின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுவதைப் பற்றி நான் பேசக்கூட விரும்பவில்லை.

9. உடம்பின்மேல் கோட்டை இழுக்காதீர்கள்.

வீட்டில் காய்ச்சிய தலைமுடி எண்ணெய், நலங்கு மாவு, முகப்பூச்சு விற்பவர்கள் சிலர் ஸ்லைடரைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சிங்கப்பூரில் மருந்தகங்களும் பல் மருத்துவர்களும்கூட விளம்பரத்தில் முன்-பின் படம் போடச் சுகாதார அமைச்சின் விதிகள் தடையாக உள்ளன. படித்துப் பட்டம் பெற்ற மருத்துவரையே தடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் உடம்பில் நடந்தது இன்னொருவர் உடம்பில் நடக்கும் என்று அந்தப் படம் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறது. விளக்கு விளக்குக்கு வேறுபாடு கொஞ்சம்தான், தலைக்குத் தலை வேறுபாடு நிறைய. முகப்பூச்சு, எண்ணெய் போன்ற ஒப்பனைப் பொருளை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். முடி முளைக்கும் என்று சொன்னால் அது மருந்துக்குரிய வாக்கு, ஒப்பனைப் பொருள் அதைச் சொல்ல முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பர விதிகளும் உடம்பின் முன்-பின் படங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகப்பூச்சு விளம்பரங்களில் கறுத்த முகம் சோர்ந்திருக்கும், வெளுத்த முகம் சிரிக்கும். அந்த முன்-பின் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவின் விளம்பரத் தரக் கழகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைக் குறித்தே பேசியது. கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது, பூசுமுன் இருக்கும் முகத்தை வாடிய முகமாகக் காட்டக்கூடாது என்றது. 2020இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சு இந்தியாவில் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெரிய நிறுவனங்களே அந்தப் பாதையிலிருந்து ஒதுங்கும்போது, மார்சிலிங்கில் வீட்டிலிருந்து விற்கும் என் தங்கை ஒருத்தி அதே கோட்டை ஒரு பெண்ணின் கன்னத்தில் இழுப்பதைப் பார்க்க என் மனம் தாங்காது.

10. வாடிக்கையாளரின் வீட்டைக் காட்டாதீர்கள்.

சோபா படத்தில் பின்சுவரின் குடும்பப் படம் விழும், கதவு எண் விழும். ஆள் இன்னார் என்று தெரிந்தால் அது 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். எடுக்குமுன் கேளுங்கள், கேட்டதையும் அவர் சம்மதித்ததையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கி வையுங்கள்.

11. பாரம் குறையட்டும்.

ஸ்லைடர் என்றால் ஒரு படத்துக்குப் பதில் இரண்டு. பக்கத்தின் பெரிய படம் இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. இரண்டு படத்தையும் ஒரே நீள அகலத்தில் வெட்டி, வெப்பி வடிவத்தில் சுருக்கிப் போடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு ஸ்லைடர் போதும். மாதக் கட்டணம் கேட்கும் ஆப்பைச் சேர்க்குமுன், உங்கள் இணையப் பக்கத்தின் தீமிலேயே இந்த வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். வேர்ட்பிரஸ்காரர்களுக்கு ஜெட்பேக்கில் படங்களை ஒப்பிடும் பிளாக் இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட் லேப், செய்தியாளர்களுக்காகச் செய்த ஜக்ஸ்டபோஸ் இலவசமாகக் கிடைக்கிறது. எதை எடுத்தாலும், இணைப்பு மெதுவாக இருந்து ஸ்லைடர் வேலை செய்யாவிட்டால் இரண்டு படமும் ஒன்றன்கீழ் ஒன்றாகவாவது தெரிய வேண்டும்.

கரௌசல், ஷாப்பி, இன்ஸ்டகிராம் மூன்றிலும் உங்கள் ஸ்லைடரை ஏற்ற வழியில்லை. அங்கே பாதி கறுப்பு, பாதி பொன் என்று நடுக்கோட்டில் ஒட்டிய ஒற்றைப் படம் போடுங்கள். இழுத்துப் பார்க்க விரும்புகிறவர் உங்கள் பக்கத்துக்கு வருவார்.

12. கோடு எங்கே நின்று தொடங்க வேண்டும் என்பதை வேறொருவர் விரலிடம் கேளுங்கள்.

எல்லா டிசைனும் சரிபாதியில் தொடங்கும். விளக்குக்கு அது சரி. சோபாவின் கறை வலது ஓரத்தில் இருந்தால் கோட்டை அங்கே நிறுத்துங்கள். பிறகு மார்சிலிங் எம்ஆர்டி மேடைக்குப் போய், பகல் வெளிச்சத்தில், வீட்டு வைஃபை இல்லாமல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிடி கண்ணுக்குப் படுகிறதா, படம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பது தெரியும். அடுத்து, இதுவரை அதைப் பார்க்காத பக்கத்து வீட்டு அக்காவிடம் கைப்பேசியைக் கொடுங்கள். இழுங்கள் என்று சொல்லாதீர்கள். அவர் விரல் தானாகக் கோட்டுக்குப் போகாவிட்டால் பிடியைப் பெரிதாக்குங்கள், தொடக்க இடத்தை மாற்றுங்கள், மறுபடி வேறொருவரிடம் கொடுங்கள். தீபாவளிக்கு விளக்குகள் புரட்டாசி பாதியிலிருந்தே வந்து குவியும், அப்போது முக்காலி வைக்க நேரம் இருக்காது. ஆவணியிலேயே உங்கள் வீட்டு விளக்கை எடுத்து முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.